ஒரே ஹால்ல மூணு லெவல் ஆளுங்க, டேங்கோ கிளாஸ எப்படிங்க ஓட்டுறது? (சேலம்)

அஞ்சுரோடு_ஆட்டக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், முழுசா படிச்சிட்டு அப்புறமா திட்டுங்க.

பெங்களூர்ல வேலைல இருந்தப்ப 6 வருஷம் டேங்கோ ஆடினேன். அர்ஜென்டினா டேங்கோ, டிவி ஷோல ரோஜாப்பூவ வாய்ல கடிச்சிட்டு தலைய வெடுக்கு வெடுக்குனு திருப்புவாங்களே அது இல்ல. அப்பாவுக்கு உடம்பு முடியாம போச்சு, சேலத்துக்கே வந்துட்டேன், இப்ப வீட்லேந்தே வேலை. வந்த முதல் வருஷம் ஆட ஆளே கிடையாது, ராத்திரி சமையக்கட்டுல தனியா ஓச்சோ (இடுப்பத் திருப்பித் திருப்பி எட்டு போடற மாதிரி கால் வைக்கறது) போட்டுட்டு இருப்பேன், அம்மா எட்டிப் பாத்துட்டு "ஏன்டா கால் கீல் சுளுக்கிருச்சா"ன்னு கேட்டாங்க. அப்புறம்தான் தெரிஞ்சவங்க நாலு பேர சேத்து ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ரெண்டு மணி நேரம்னு ஆரம்பிச்சது. ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு சின்ன மண்டபம், மாடில இருக்கற சாப்பாட்டு ஹால். முகூர்த்தம் இல்லாத நாள்ல மட்டும் தருவாங்க. வைகாசில பாதி ஞாயிறு போச்சு, ஆடி வந்தா ஹால் ஃபுல்லா நமக்குத்தான், ஆனா அப்ப கோட்டை மாரியம்மன் பண்டிகைன்னு பாதி பேர் வரமாட்டாங்க, அது வேற கதை.

இப்ப மொத்தம் 14 பேர். அதுல 4 பேர் வெளியூர்ல மூணு நாலு வருஷம் ஆடிட்டு வந்தவங்க. 5 பேர் என்கிட்டயே கத்துக்கிட்டு ஏழெட்டு மாசம் ஆகுது. மீதி 5 பேர் போன மாசம் சேந்தவங்க, எந்தக் கால்ல வெயிட் இருக்குன்னே இன்னும் தெரியல அவங்களுக்கு. ஆம்பளைங்க 6, பொம்பளைங்க 8.

நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்னா வாரத்துக்கு ஒரு புது ஸ்டெப். லேசா சொல்லிக் குடுத்தா சீனியருங்க பத்து நிமிஷத்துல முடிச்சிட்டு செவுத்தோரமா போய் போன் நோண்டுறாங்க, கஷ்டமா சொல்லிக் குடுத்தா புதுசா வந்தவங்க மூஞ்சி தொங்கிப் போகுது. போன வாரம் உச்சக்கட்டம். சீனியர் ஒருத்தர் போரடிச்சுப் போய் புதுசா வந்த ஒரு அக்காவுக்கு கான்ச்சோ சொல்லித் தரேன்னு ஆரம்பிச்சு (அதான், எதிராளி காலுக்கு நடுவுல கால விட்டு கொக்கி போடுறது), அந்தக்கா ஹீல் நேரா பக்கத்து ஜோடியோட முழங்கால் கீழ எலும்புலயே பட்டுருச்சு. ரத்தம்லாம் இல்ல, ஆனா அதோட கிளாஸ் மூடு போச்சு. இன்னொரு புருஷன் பொண்டாட்டி இருக்காங்க, ரெண்டு பேரும் வேற யார் கூடவும் மாத்தி ஆட மாட்டாங்க, அதனால ரொட்டேஷன் எப்பவும் ஒரு இடத்துல சிக்கும்.

ரெண்டு பேட்ச்சா பிரிச்சிரலாமா? இல்ல சீனியருங்கள விட்டே புதுசுக்கு சொல்லிக் குடுக்க வச்சிரலாமா? கிளாஸ் நடத்துன அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

ஓச்சோ_அக்கா:

தம்பி, நான் அஸ்தம்பட்டில பொறந்து வளந்தவ, சென்னைல 9 வருஷமா கிளாஸ் எடுக்கறேன். உன் கேள்விலயே பதில் இருக்கு, "வாரத்துக்கு ஒரு புது ஸ்டெப்". அதத்தான் முதல்ல நிறுத்தணும். டேங்கோல பழசு புதுசுன்னு பிரிக்கறது ஸ்டெப் எண்ணிக்கை இல்ல, நடக்கறதப் பாத்தாலே யார் எத்தன வருஷம்னு சொல்லிரலாம். உன் நாலு சீனியரையும் ஒரு பாட்டு முழுக்க வெறும் நடை மட்டும் நடக்கச் சொல்லிப் பாரு, ஓச்சோ கூடாது, திருப்பம் கூடாது, அலங்காரம் கூடாது. மூணாவது நிமிஷம் வேர்த்துரும் அவங்களுக்கு.

நான் பண்றது இதான், எல்லாருக்கும் ஒரே விஷயம், ஆனா ஆளுக்கு ஏத்த ஆழம். முன் ஓச்சோவயே எடுத்துக்க. புதுசா வந்தவங்க ஜோடியே சேரக் கூடாது, செவுத்த ரெண்டு உள்ளங்கையால தொட்டுட்டு நிக்கணும், நெஞ்சு செவுத்தப் பாத்தே இருக்கும், இடுப்பும் காலும் மட்டும் பக்கவாட்டுல திரும்பணும், ஒரு அடி வை, கால சேத்துக்க, அந்தப் பக்கம் திரும்பு, ஒரு அடி வை. மேலயும் கீழயும் தனித்தனியா திரும்பறது வந்துருச்சுன்னா ஓச்சோ வந்த மாதிரிதான். ஏழெட்டு மாசத்து ஆளுங்க ஜோடியா பண்ணட்டும், ஆனா கட்டிக்காம, ரெண்டு பேர் உள்ளங்கைக்கும் நடுவுல ஒரு பேப்பர் பிளேட்ட வச்சுக்கிட்டு. நடத்தறவர் கையால இழுத்தார்னா பிளேட்டு கீழ விழுந்துரும், நெஞ்சத் திருப்பி நடத்துனார்னா நிக்கும். நம்ம வாய் வலிக்க சொல்றத அந்த ஒரு ரூபா பிளேட்டு சொல்லிரும்.

சீனியருக்கும் அதே ஓச்சோதான், ஆனா பாட்டுக்குள்ள. டேங்கோ பாட்டுல ஒரு வரி பெரும்பாலும் 8 தட்டு வரும் இல்லையா, முதல் வரில ஒரே ஒரு ஓச்சோ, அதுவும் இழுத்து இழுத்து, அடுத்த வரில ரெண்டு, அதுக்கடுத்த வரில திரும்பற நடுவுலயே நிப்பாட்டி அந்தம்மா கால் காத்துல இருக்கும்போது காத்திருக்கணும், எப்ப கிளம்பறதுன்னு பாட்டுதான் சொல்லணும். இதுக்கு மேலயும் போரடிக்குதுன்னு சொன்னா அவங்க இன்னும் பாட்டக் கேக்கவே ஆரம்பிக்கலன்னு அர்த்தம்.

பாட்டும் சும்மா ஏதோ ஒண்ணு போடாத. நடைப் பயிற்சிக்கு கார்லோஸ் டி சார்லி ஆர்க்கெஸ்ட்ரா, பியானோ தெளிவா இருக்கும், நடக்கறதுக்குன்னே வாசிச்ச மாதிரி இருக்கும், அவசரமே இல்ல. தாளம் புடிபடாதவங்களுக்கு ஹுவான் தாரியென்சோ, அவருக்குப் பட்டப் பேரே தாளத்தோட ராஜான்னுதான், அங்க தட்டு தப்பவே தப்பாது. புக்லியேஸ மட்டும் புதுசுங்க தலைல கட்டிராத, பாட்டு நடுவுல வேகம் ஏறும் இறங்கும் நின்னே போயிரும், பாவம் நடுரோட்ல விட்ட மாதிரி நிப்பாங்க. அது சீனியருங்களுக்கு வை.

பேட்ச் பத்தி, முழுசா பிரிக்காத, ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி வை. 4:30க்கு புதுசு மட்டும், 5:15க்கு மத்தவங்க வந்து சேரட்டும், 6 மணி வரைக்கும் எல்லாரும் ஒண்ணா, அப்புறம் புதுசுல போக வேண்டியவங்க போகலாம், உக்காந்து பாக்கறவங்க பாக்கலாம். கூட்டம் ஒண்ணா இருக்கற அந்த முக்கா மணி நேரம்தான் ரொம்ப முக்கியம்.

அப்புறம் ஒரு சட்டம், எழுதி செவுத்துல ஒட்டு. ஆடும்போது யாரும் யாரையும் திருத்தக் கூடாது, உன்னத் தவிர. கான்ச்சோ, போலேயோ மாதிரி கால் காத்துல போற எதுவும் கூட்டமான தரையில கூடாது. பியூனஸ் ஐரெஸ்லயே கூட்டமா இருக்கற மிலோங்கால (எல்லாரும் கூடி டேங்கோ ஆடற எடம்) கால் தரைய விட்டுக் கிளம்பக் கூடாதுன்னு பெருசுங்க முறைப்பாங்க.

வள்ளிகும்மி_மாமா:

எனக்கு டேங்கோலாம் தெரியாதுங்க, பையன் இந்த லிங்க்க அனுப்பி "உங்க பஞ்சாயத்து மாதிரியே இருக்கு பாருங்கப்பா"ன்னான், அதான் எட்டிப் பாத்தேன். நானு எடப்பாடி பக்கம் 11 வருஷமா வள்ளி கும்மி பழக்கி விடறனுங்க. எங்களுக்கு ஒரு பேட்ச்சுன்னா அறுவது பேரு, அஞ்சு வயசுப் புள்ளையும் இருக்கும், அறுவது வயசு ஆத்தாளும் இருக்கும். பிரிக்கறதுங்கற பேச்சே இல்ல, வட்டம் ஒண்ணுதான்.

ஆரம்பத்துல நானும் தெரிஞ்சவங்களையெல்லாம் ஒரே பக்கமா நிறுத்தி வச்சேன். வட்டத்துல அந்தப் பக்கம் மட்டும் அழகா போகும், இந்தப் பக்கம் ஆளுக்கொரு கால் எடுத்து வைக்கும், பாக்கறதுக்கு பாதி கோலம் அழிஞ்ச மாதிரி. அப்பறம் மாத்தினேன். தெரிஞ்சவங்க ஒருத்தர், அடுத்தால மூணு புதுசு, மறுபடி தெரிஞ்சவங்க ஒருத்தர். புதுசா வந்தவங்களுக்கு முன்னால பாத்தாலும் ஒரு காலு தெரியும், எதிர்ல பாத்தாலும் ஒரு காலு தெரியும். வாய்ல யாரும் சொல்லித் தரக் கூடாது, ஆடிக் காட்டுனா போதும். முத ரெண்டு நாளு புதுசுங்களுக்கு காலே கிடையாது, நடுவுல உக்கார வச்சு பாட்டுக்கு கை மட்டும் தட்டச் சொல்லுவேன். கைக்கு ஏறுனது தானா காலுக்கு இறங்கும்ங்க.

இன்னொண்ணு, தேதி வைங்க. எங்களுக்கு கடைசில அரங்கேற்றம்னு ஒண்ணு இருக்கும், ஊரே வந்து பாக்கும், ஒரே கலர்ல துணி எடுத்திருப்பாங்க. அந்தத் தேதி குறிச்ச அன்னிக்கிலிருந்து தெரிஞ்சவங்க தானா தெரியாதவங்களக் கூட்டிக்கிட்டு ஓரமா போயி பழக்கி விடுவாங்க, ஏன்னா வட்டத்துல ஒருத்தரு தப்பு பண்ணுனா எல்லாத்துக்கும்தான அசிங்கம். உங்க ஆட்டத்துல ஜோடி ஜோடியா போறதால அந்த நெனப்பு வராம இருக்குமாட்ட இருக்குது.

அஞ்சுரோடு_ஆட்டக்காரன்:

மாமா நீங்க வந்ததுக்கே இந்த திரெட்டு போட்டது வீண் போகல. ஜோடியா ஆடினாலும் டேங்கோலயும் வட்டம் உண்டுங்க, ரோந்தான்னு பேரு, எல்லா ஜோடியும் ஹால சுத்தி கடிகாரம் ஓடறதுக்கு எதிர் திசைல வரிசையாதான் போகணும். நான் அத இத்தன நாள் டிராஃபிக் ரூல் மாதிரிதான் சொல்லிக் குடுத்துட்டு இருந்தேன், தெரிஞ்ச ஜோடி ஒண்ணு தெரியாத ஜோடி ரெண்டுன்னு வரிசை வைக்கலாம்னு தோணவே இல்ல. அக்கா, அந்த பேப்பர் பிளேட்டு இந்த வாரமே ட்ரை பண்றேன்.

பழைய_பாவி_68:

நான் எழுதுறது கொஞ்சம் குத்தும். நீங்க சொல்ற அந்த போரடிச்ச சீனியர் ரகம்தான் நானு. ரிட்டையர்டு, இப்ப சேலம்தான், மும்பைல இருந்தப்ப கத்துக்கிட்டது.

முதல்ல அக்காவோட ஒரு விஷயத்துல எனக்கு ஒத்துப் போகல. சென்னைல நாப்பது பேர் வர்ற கிளாஸுக்கு 4:30, 5:15ன்னு டைம்டேபிள் போடலாம். சேலத்துல 14 பேர், அதுல மழை பேஞ்சா மூணு பேர் வரமாட்டான், கல்யாணம் காதுகுத்துன்னு ரெண்டு பேர் வரமாட்டான், மிச்சத்த நீங்க பிரிச்சீங்கன்னா முதல் முக்கா மணி நேரம் மூணு பேர் செவுத்தத் தடவிட்டு நிப்பாங்க, அவ்ளோ பெரிய ஹால்ல ஃபேன் சத்தம்தான் கேக்கும். மூணாவது வாரம் அவங்க வரமாட்டாங்க. நான் இதை கண்ணால பாத்திருக்கேன், வேற ஊர்ல. சின்ன ஊர்ல கூட்டம்தான் கிளாஸ தாங்கும். எல்லாரும் ஒண்ணா வாங்க, ஒண்ணா போங்க.

போரடிக்கறதுக்கு மருந்து ஒண்ணு இருக்கு, எனக்கு வேலை செஞ்சுது. நான் மூணு வருஷம் லீட் பண்ணி (அதாவது ஜோடிய நடத்தறவரா, கூட வர்றவர் ஃபாலோ) ஆடிட்டு பெரிய புடுங்கின்னு நெனப்புல இருந்த காலம், எல்லா பொண்ணுங்களுக்கும் கால் எப்படி வைக்கணும்னு கிளாஸ் நடுவுலயே பாடம் எடுப்பேன். எங்க டீச்சர் ஒண்ணும் சொல்லல, அடுத்த வாரம் வந்ததும் "இனி மூணு மாசம் நீ ஃபாலோதான்"ன்னுட்டாங்க. முதல் நாள் கண்ண மூடிட்டு ஒரு புதுப் பையன் கூட பின்னாடி நடந்தேன் பாருங்க, இடுப்பு வலி, தோள் வலி, அவன் எப்ப கிளம்பறான்னே தெரியல. அப்பதான் நான் இத்தன நாள் அந்தப் பொண்ணுங்கள என்ன பாடு படுத்திருக்கேன்னு புரிஞ்சுது. நான் கால் தப்புன்னு சொன்னதுல முக்கால்வாசி என் நெஞ்சு சொன்ன தப்பு.

இது புதுசா நான் கண்டுபுடிச்சது இல்ல. பியூனஸ் ஐரெஸ்ல அந்தக் காலத்துல ஐரோப்பாலேந்து பொழைக்க வந்த கூட்டத்துல ஆம்பளைங்க ஜாஸ்தி, பொண்ணுங்க கம்மி. அதனால பசங்க ப்ராக்டிகான்னு தனியா கூடி பசங்களுக்குள்ளயே பழகுவாங்க, புதுசா வர்ற பையன் முதல்ல மாசக் கணக்குல ஃபாலோ பண்ற பாகம்தான் ஆடணும், அது வந்த பிறகுதான் லீட் பண்ண விடுவாங்க. கத்துக்காம போய் ஆடக் கூப்டா எந்தப் பொண்ணும் வரமாட்டா, அந்த பயம் இருந்துச்சு.

உங்க கணக்குல 6 ஆம்பள 8 பொம்பள. அந்த நாலு சீனியர்ல பொம்பளைங்க இருந்தா அவங்கள லீட் பண்ண வைங்க, எண்ணிக்கை சரியாயிரும். ஆம்பள சீனியர ஃபாலோ பண்ண வைங்க, வாய் சரியாயிரும்.

ரெண்டாவது விஷயம் செருப்பு. யாரும் இத எழுத மாட்டேங்கறாங்க. புதுசா வர்றவங்க ரப்பர் சோல் ஷூவோட வருவாங்க, அது தரையப் புடிச்சுக்கும், ஓச்சோவுல உடம்பு திரும்பும் பாதம் திரும்பாது, ரெண்டுக்கும் நடுவுல மாட்டறது முழங்கால். நாப்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு இது விளையாட்டு இல்ல. இறக்குமதி ஷூலாம் வேணாம், பழைய ஷூ ஒண்ண எடுத்துட்டுப் போய் நம்ம ஊர் செருப்பு தைக்கறவர்கிட்ட அடில மெல்லிசா தோல் ஒட்டித் தரச் சொல்லுங்க, சொரசொரப்பு பக்கம் வெளிய இருக்கணும்னு ரெண்டு தடவ சொல்லுங்க, இல்லன்னா பளபளப்பு பக்கத்த வெளிய வச்சு ஒட்டிருவார். தரைல பவுடர் போடறது, எண்ணெய் தடவறது இதெல்லாம் கூடவே கூடாது. சாப்பாட்டு ஹால்னு வேற சொல்றீங்க, முந்தின நாள் சாம்பார் வழுக்கல் இருக்கான்னு பாத்துக்கங்க.

ஓச்சோ_அக்கா:

பாவி சார், டைம்டேபிள் விஷயத்துல நீங்க சொல்றது சரிதான், ஒத்துக்கறேன், 14 பேருக்கு அது ஜாஸ்தி. ஆனா ஒரே ஒரு இருபது நிமிஷமாவது புதுசுக்குத் தனியா வேணும், அது இல்லாம நேரா கூட்டத்துல விட்டா மிரண்டு போறாங்க. அந்த நேரம் சீனியருங்க ஹாலோட அந்த மூலைல பாகம் மாத்தி ஆடிட்டு இருக்கட்டும்.

ஏற்காடு_20வளைவு:

நான் புதுசு கேட்டகரி. யாரும் எங்கள கேக்காம எங்களப் பத்தியே பேசிட்டு இருக்கீங்க, அதனால நானே வந்துட்டேன் 🙂

ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு பாக்கறேன். ரெண்டு வருஷம் முன்னாடி கீழ ஒரு எடத்துல (எதுன்னு கேக்காதீங்க) ஞாயித்துக்கிழமை கிளாஸ்னு கேள்விப்பட்டு ஸ்கூட்டில 20 வளைவு இறங்கி வந்து, ஆட்டம் முடிஞ்சு இருட்டுறதுக்குள்ள 20 வளைவு ஏறணும். கோடை விழா சமயத்துல மேல வர்ற கார் கூட்டத்துல ஏறுறதுக்கே ரெண்டு மணி நேரம் ஆயிரும். அவ்ளோ கஷ்டப்பட்டு வந்தா முதல் ஆள் "முழங்கால நல்லா மடக்குங்க"ன்னார். ரொட்டேஷன்ல அடுத்த ஆள் "ஏன் மடக்கறீங்க, நேரா நில்லுங்க"ன்னார். மூணாவது ஆள் என் தோளப் புடிச்சு அமுக்கி "ரிலாக்ஸ்"ங்கறார். தோளப் புடிச்சு அமுக்கினா யாருக்குங்க ரிலாக்ஸ் ஆகும். டீச்சர் ஒருத்தர்தான், அவர் அந்த நேரம் அந்தப் பக்கம் பாத்துட்டு இருப்பார். அஞ்சு வாரம் போனேன், அப்புறம் விட்டுட்டேன். வீட்ல கேட்டதுக்கு பெட்ரோல் விலை ஏறிருச்சுன்னு சொன்னேன்.

ஆனா அந்த அஞ்சு வாரத்துல ஒரே ஒரு பாட்டு இன்னிக்கும் ஞாபகம் இருக்கு. வெளியூர்லேந்து சும்மா பாக்க வந்த ஒரு வயசான அம்மா, அவங்க லீட் பண்ணாங்க, ஒரு வார்த்த பேசல, பாட்டு பூரா என்ன நடக்க மட்டும் வச்சாங்க, இடையில ரெண்டு தடவ சும்மா நின்னாங்க. நின்னப்ப எனக்கு வயலின் கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி நாலு வாரமா பாட்டே கேக்கல எனக்கு, எல்லாம் கால்தான். பாட்டு முடிஞ்சதும் கைய ஒரு தட்டு தட்டிட்டுப் போயிட்டாங்க. சீனியருங்க புதுசுக்கு என்ன செய்யலாம்னு கேட்டீங்கன்னா இதத்தான் செய்யலாம்.

அந்த புருஷன் பொண்டாட்டி விஷயம், அவங்கள வற்புறுத்தாதீங்க. நம்ம ஊர்ல முன்ன பின்ன தெரியாத ஆள் கிட்டத்துல வந்து முதுகுல கை வைக்கறது சாதாரண விஷயம் இல்லங்க. எனக்கே முதல் நாள் கை நடுங்குச்சு. வர்றவங்க எல்லாருக்கும் எடுத்த எடுப்புல கட்டிப்புடிக்கற மாதிரி வேணாம், ஒருத்தர் முழங்கைய ஒருத்தர் புடிச்சுக்கிட்டு ஒரு முழம் தள்ளி நிக்கற புடி போதும்னு டீச்சரே சொல்லிட்டா நிம்மதியா இருக்கும். கிட்ட வரணுமா வேணாமான்னு அந்தந்த ஜோடி முடிவு பண்ணிக்கட்டும்.

அப்புறம் அந்த ரோந்தா. மலை ரோட்ல வண்டி ஓட்டறவங்களுக்கு அத சொல்லித்தரவே வேணாம். வளைவுல முந்தக் கூடாது, திடீர்னு பின்னாடி வரக் கூடாது, முன்னாடி போறவன் நின்னா நீயும் நில்லு, ஏறுற வண்டிக்கு வழி விடு. புது ஜோடிதான் ஏறுற வண்டின்னு வச்சுக்கங்க. இறங்கறவனுக்கு என்ன, நின்னு நிதானமா வரலாம்ல.

அஞ்சுரோடு_ஆட்டக்காரன்:

ரெண்டு வாரம் ட்ரை பண்ணிட்டு வந்து எழுதறேன். நடுவுல ஒரு ஞாயிறு முகூர்த்தத்துக்குப் போயிருச்சு, அதான் லேட்டு.

முதல் வாரம் பாதி சொதப்பல். பேப்பர் பிளேட்டு சூப்பரா போச்சு, ஏழெட்டு மாசத்து ஆளுங்க அஞ்சு பேர்ல மூணு பேர் பிளேட்ட கீழ போட்டுக்கிட்டே இருந்தாங்க, அவங்களுக்கே சிரிப்பு, நான் வாய் தொறக்கவே இல்ல. ஆனா சீனியருங்கள பாகம் மாத்தச் சொன்னதுக்கு ஒருத்தர் (கான்ச்சோ பார்ட்டிதான்) "எனக்கு அது செட் ஆகாது ப்ரோ"ன்னு உக்காந்துட்டார். நான் வற்புறுத்தல. மத்த மூணு பேர்ல ஒரு அக்கா லீட் பண்ண ஆரம்பிச்சாங்க, அரை மணி நேரத்துல புதுசா வந்த ரெண்டு பேர் அவங்க கூட ஆட வரிசைல நிக்கறாங்க. இதப் பாத்துட்டு நம்மாளு கடைசி பாட்டுக்கு எந்திரிச்சு வந்தார். ஃபாலோ பண்ணினார், கேவலமா பண்ணினார், எல்லாரும் கை தட்டினோம். ரெண்டாவது வாரம் அவரே முதல்ல வந்து "இன்னிக்கும் நான் பின்னாடியே நடக்கறேன்"ன்னார். திருத்தற வாய் பாதியா குறைஞ்சிருச்சு. முழுசா இல்ல.

கடைசி அரை மணி நேரத்த நிஜ மிலோங்கா மாதிரியே ஆக்கிட்டேன். நாலு பாட்டு ஒரு தாந்தா, ஒரே ஆர்க்கெஸ்ட்ரா, அது முடிஞ்சா நடுவுல சம்பந்தமே இல்லாத ஒரு பாட்ட அரை நிமிஷம் போடறது, அதான் கோர்த்தினா, எல்லாரும் தரைய விட்டு எறங்கிரணும். (நான் நாதஸ்வரம் போட்டேன், மண்டப வாட்ச்மேன் மாடிக்கு ஓடி வந்து எட்டிப் பாத்துட்டுப் போனார்.) கூப்பிடறதும் கையப் புடிச்சு இழுக்கறது கிடையாது, கபெஸேயோதான், தூரத்துலேந்து கண்ணால பாக்கணும், அவங்களும் பாத்து தலைய ஆட்டினா மட்டும் கிட்ட போகணும், வேணாம்னா வேற பக்கம் பாத்துக்கலாம், யாருக்கும் அவமானம் இல்ல. நம்ம ஊர்ல தலைய ஆட்டறதுல ஆமாவா இல்லையான்னு ஒரு குழப்பம் வந்துச்சு, ரெண்டு பேர் ஒரே அக்காகிட்ட போய் நின்னாங்க, அதுக்கு அடுத்த வாரம் ஒரு பஞ்சாயத்து வைக்கணும். ஆனா அந்த புருஷன் பொண்டாட்டி சிக்கல் இதுல தானா கழண்டுருச்சு, ரொட்டேஷன்னு நான் கத்தறது இல்லையே, அவங்க பாட்டுக்கு அவங்க ஆடறாங்க. போன வாரம் அந்தம்மா லீட் பண்ற அக்காவப் பாத்து தலைய ஆட்டிருச்சு. புருஷன் உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே பாத்தார், ஒண்ணும் சொல்லல.

இன்னும் தீராதது ரெண்டு. நடுவுல இருக்கற அந்த அஞ்சு பேர், ஏழெட்டு மாசத்து ஆளுங்க, அவங்களுக்கு யாரும் ஒண்ணும் செய்யல போல ஒரு ஃபீலிங். புதுசுக்கு நான் இருக்கேன், சீனியருக்கு பாகம் மாத்தற விளையாட்டு இருக்கு, இவங்க நடுவுல தொங்கறாங்க. ரெண்டாவது வேர்வை. வெயிலுக்கு மூணாவது தாந்தாவுலயே சட்டை ஒட்டுது, கிட்டத்துல ஆட யாருக்கும் மனசு வரமாட்டேங்குது.

ஓச்சோ_அக்கா:

நடுவுல இருக்கறவங்கதான் எப்பவுமே அதிகமா கழண்டுக்கறவங்க, இத நீ கவனிச்சதே பெரிசு. புதுசா இருந்தப்ப வாரா வாரம் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும், இப்ப தெரியாது, அதான் அவங்க சிக்கல். ஆளுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு, ஒரு மாசத்துக்கு அது மட்டும்தான். ஒருத்தருக்கு கால சேக்கறது, ஒருத்தருக்கு பின்னடி வைக்கும்போது தொடையிலேந்து நீட்டறது, இன்னொருத்தருக்கு பாட்டு ஆரம்பிச்ச உடனே பாயாம முதல் வரிய நின்னு கேக்கறது. மாசக் கடைசில நீ அவங்க கூட ஒரு தாந்தா ஆடு, அந்த ஒண்ணப் பத்தி மட்டும் பேசு. அப்புறம் அவங்களுக்கு வால்ஸ் தாந்தா போடு, ஒண்ணு ரெண்டு மூணுன்னு மூணு தட்டுத் தாளம், அதுல தெரிஞ்ச ஸ்டெப்பே புதுசா இருக்கும்.

வேர்வைக்கு ரெண்டு சட்டை, ஒரு துண்டு. பியூனஸ் ஐரெஸ்லயும் கோடைல நல்லா வேர்க்கும், பெருசுங்க பைல மாத்துச் சட்டையோடதான் வருவாங்க. பொம்பளைங்களுக்கு கர்ச்சீப் போதாது, சின்ன காட்டன் துண்டா கொண்டு வரச் சொல்லு.

வள்ளிகும்மி_மாமா:

அந்த நடு ஆளுங்க அஞ்சு பேர்த்துக்கும் ஆளுக்கொரு வேலை குடுங்க தம்பி. பாட்டு போடறது, ரேடியோ செட்டு பாத்துக்கறது, புதுசா வர்றவங்கள முத நாளு வாசல்ல நின்னு கூப்டுக்கிட்டு வர்றது. எங்க வட்டத்துல அப்படித்தான் நாலு பேரு நின்னாங்க, இல்லாட்டி எப்பவோ போயிருப்பாங்க. அரங்கேற்றத்துக்கு தேதி வச்சா சொல்லுங்க, வந்து பாக்கறோம்.

அஞ்சுரோடு_ஆட்டக்காரன்:

மாமா கண்டிப்பா. ஆடி முடிஞ்சதும் ஆவணில ஒரு ஞாயிறு வைக்கலாம்னு இருக்கேன், மண்டபம் கிடைக்கணுமே, ஆவணிதான் முகூர்த்தமா கொட்டுமே 😅 ஏற்காடு அக்கா, நீங்க பெட்ரோலுக்கு ஏத்த மாதிரி ஒரு கிளாஸ்க்கு மறுபடி வந்து பாக்கறீங்களா? திருத்தற ஆள் யாரும் கிட்ட வரமாட்டாங்க, நான் பொறுப்பு. வர்ற ஞாயிறு மட்டும் ஹால் இல்ல, முகூர்த்தம். எங்க வீட்டு மொட்டை மாடிலதான் வச்சிருக்கோம், அம்மா அப்பா எல்லாம் கீழதான் இருப்பாங்க.

ஏற்காடு_20வளைவு:

மொட்டை மாடின்னா வரேன். 6:30க்கு கிளம்பிருவேன், அதுக்கு மேல மலை ஏற முடியாது. என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு ரப்பர் சோல் ஷூ, தோல் ஒட்டலாம்னா அதுக்குள்ள ஞாயிறு வந்துரும், பரவால்லையா?

பழைய_பாவி_68:

தோல் ஒட்டாதீங்க, மொட்டை மாடி சிமென்ட்டுல ஒரே சாயந்திரத்துல தேஞ்சு போயிரும். அந்த ஷூ மேலயே ஒரு பழைய சாக்ஸ முன்பாதி மூடற மாதிரி மாட்டிக்கிட்டு வாங்க, குதிகால் வெளிய இருக்கட்டும், திரும்பும்போது முன்பாதம் வழுக்கும், நிக்கும்போது குதிகால் புடிக்கும். ரெண்டு ஜோடி கொண்டாங்க, முதல் ஜோடி ஓட்டையாயிரும்.